டைம் ஆபீஸ் சுவரில் ஒரு டெர்மினேஷன்

நீங்கள் கேபிள் போடுகிற லட்சணத்தைப் போன வாரம் வந்து பார்த்தேன். குறை சொல்ல முடியவில்லை. வளைவெல்லாம் சீராக இருக்கிறது, கட்டு ஒழுங்காக இருக்கிறது, ஒவ்வொரு முனைக்கும் மெஷினில் அச்சடித்த லேபிள் ஒட்டியிருக்கிறீர்கள். அந்த லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த அம்மாவைக் கேட்டேன். "தெரியலைங்க சார். வந்தாங்க, ஒட்டுனாங்க, போயிட்டாங்க" என்றார். அவர் தலைக்கு மேலே சுவரைக் குடைந்து, அவருடைய காபியில் சிமெண்டுத் தூளைக் கொட்டிய உங்களுக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லை. அவ்வளவு பெரிய மனிதர்கள் ஆகிவிட்டீர்கள்.

உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேபிள் போடுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் கையில் இருக்கிற போனே சொல்லிவிடும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில், எண்பதுகளின் கடைசியில், நாங்களே இழுத்துப் போட்ட முதல் கம்ப்யூட்டர் கேபிளைப் பற்றிச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அதில் முட்டாள்தனம் செய்தவர்கள் அத்தனை பேரும் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

அப்போது நான் ஆலையின் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். ஒருநாள் ஆலைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. விற்ற கம்பெனிக்காரர்களே கேபிளும் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மேனேஜருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "வயர் இழுக்கறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆளு வரணுமா? நம்ம கிரஷருக்குப் போற கேபிளு தொடை தண்டிக்கு இருக்கு. அதையே நாமதானே இழுத்தோம்?" என்றார். தண்டியாக இருந்தால் கஷ்டமான வேலை, மெல்லிசாக இருந்தால் சுலபமான வேலை என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆகவே நாமே போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. நாமே என்றால் நான்.

எனக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் ஆபீசரை வைத்தார்கள். ஆலையில் சாதாரணமாக இருந்த மனிதர்தான். மெட்ராசில் ஒரு குட்டிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வாய் நிறையப் புது இங்கிலீஷ் வைத்திருந்தார். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வது பயிற்சியோடு அவருக்கு நின்றுபோனது. அவரைப் பற்றி மரியாதையாகச் சொல்லத்தான் இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன். முடியவில்லை.

அந்தக் காலத்துக் கேபிள் இப்போது மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாகப் போவதில்லை. டிவி ஆண்டெனா வயர் மாதிரி ஒரே கறுப்பு வயர் அறை அறையாகப் போகும். வழியில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வயரின் இரண்டு கடைசியிலும் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஓர் உலோக மூடி மாட்ட வேண்டும். ஒரு முனையில் மூடி இல்லாவிட்டாலும் போன செய்தி அங்கே மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும், கட்டடம் முழுக்க ஒன்றுமே ஓடாது. அந்த மூடிக்கு டெர்மினேட்டர் என்று பெயர். அதை மாட்டுவதற்கு டெர்மினேஷன் என்று பெயர். ஆபீசர் மெட்ராசிலிருந்து சரியாக இரண்டு மூடி வாங்கி வந்திருந்தார். கூட ஒன்று வாங்கியிருக்கலாமே சார் என்றேன். "ஒரு வயருக்கு ரெண்டு முனைதானேப்பா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இப்போது அந்த ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவருக்கும் சில வார்த்தைகள் அத்துப்படியாக இருந்தன. மெமோ, சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், டெர்மினேஷன். கடைசி வார்த்தைக்கு அர்த்தம், சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்புவது. அதற்கு வேறு அர்த்தம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அதோடு, கம்ப்யூட்டர் வந்தால் ஆள் குறைப்பார்கள் என்ற பேச்சு அந்த வருஷங்களில் டீக்கடைக்கு டீக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

கேபிளின் ஒரு முனை ஆபீசருடைய கம்ப்யூட்டர் ரூம். அங்கிருந்து மேனேஜர் அறை, கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ் என்று போய், கேட்டை ஒட்டியிருக்கும் டைம் ஆபீசில் முடியும். டைம் ஆபீஸ் என்பது தொழிலாளிகள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கார்டு பஞ்ச் பண்ணுகிற இடம். அந்தக் கார்டுகளை எண்ணி, யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு எடுக்கும் கிளார்க் கலியபெருமாள். குவாரிக்கு நிலம் கொடுத்த குடும்பம். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சில் அவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது. அவருடைய அப்பா சோளமும் கம்பும் விதைத்த இடத்தில் அப்போது தினமும் மதியம் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி போனால் திரும்பிப் போய் உழ அவருக்கு ஒரு சாண் மண் கிடையாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, ஆபீசர் கையில் ஒரு சாக்பீஸோடு புறப்பட்டார். எந்த இடத்தில் ஓட்டை, எந்த இடத்தில் வளைவு என்று சுவரெல்லாம் குறி போட்டுக்கொண்டே போனார். பயிற்சியில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்களாம். டைம் ஆபீசுக்கு வந்தார். சுவரில், கலியபெருமாளின் நாற்காலிக்கு நேர் மேலே, இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் 'டெர்மினேட் ஹியர்' என்று எழுதினார். எழுதியதோடு விட்டாரா? கீழே பார்த்து ஓர் அம்புக்குறியும் போட்டார். அம்பு நேராக நாற்காலியைக் காட்டியது. பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நான் கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தபோது கார்டு ஜன்னலில் வரிசை நின்றது. வழக்கமாக அந்த வரிசையில் கிண்டலும் சத்தமும் காதைப் பிளக்கும். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எழுத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். கார்டு குத்திய ஒவ்வொருவரும் அவர் தலைக்கு மேலே பார்த்தார்கள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருவர் கேட்காமலேயே டீ வாங்கிவந்து ஜன்னலில் வைத்தார். தினமும் அவரோடு சண்டை போடுகிற லோடுமேன் ஒருவர், "சாப்டீங்களாண்ணே?" என்றார். கலியபெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையில் ஏதோ ஒட்டியிருக்கிறதோ என்று கையால் தடவிப் பார்த்தார்.

என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, இன்னிக்கு எல்லாரும் எழவு வூட்டுக்கு வந்தாப்ல வராங்க?" என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன். அவர் என் கண் போன பக்கம் திரும்பினார்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கோபமே இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்தார், உதடு அசைந்தது. பிறகு அம்பைப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார், அம்பை விட்டு விலகினால் ஆபத்து போய்விடும் என்பது மாதிரி. "நான் என்ன தப்பு தம்பி பண்ணேன்? ஒரு மெமோகூட வாங்குனதில்லயே" என்றார். எனக்கு அந்த நிமிஷம் அந்த ஆபீசரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து இவர் முன்னால் நிறுத்த வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அது கேபிள் சமாச்சாரம்ணே, உங்களுக்கு இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

அதற்குள் சங்கச் செயலாளர் தங்கராசு வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு விஷயம் காதில் விழுந்தால் போதும், மீதியைத் தானே தயாரித்துக்கொள்வார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார், திரும்பினார், ஆரம்பித்துவிட்டார்.

"லெட்டரு குடுத்து அனுப்பத் துப்பில்ல, சுவத்துல எழுதிட்டாங்க! இன்னிக்கு இவரு, நாளைக்கு நாம! எவனும் உள்ள போவாதீங்க!"

வரிசை அப்படியே தரையில் உட்கார்ந்தது. மூட்டை ஏற்றுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். சிமெண்டு ஏற்ற வந்த லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. சூளையில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் மாற்று ஆள் வராமல் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சாக்பீஸ் செய்த வேலை.

மேனேஜர் வந்தார். வந்ததும் அவருக்கு உதித்த யோசனை, அந்த எழுத்தை ஈரத்துணியால் அழிப்பது. என்னிடம்தான் துணியைக் கொடுத்தார்கள். "யாரும் கை வெக்கக் கூடாது! அதான் சாட்சி!" என்று தங்கராசு பாய்ந்தார். நான் துணியோடு நடுவில் நின்றேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஆபீசருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். தம்பிகளே, தங்கைகளே, வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு முன்னால் முதலில் செய்யக்கூடாத காரியம் அது. சிரித்துவிட்டு, "டெர்மினேஷன்ங்கறது டெக்னிக்கல் டெர்ம்பா. உங்களுக்குப் புரியாது. ரெண்டு எண்ட்லயும் டெர்மினேட் பண்ணியே ஆகணும்" என்றார்.

"ரெண்டா?" என்றார் தங்கராசு. "அப்ப இன்னொருத்தன் யாரு?"

"இன்னொண்ணு என் ரூம்."

கூட்டத்திலிருந்து யாரோ, "அய்யய்யோ, சாரையும் தூக்கிட்டாங்களா?" என்றார். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஆபீசருக்கு முகம் சிவந்துபோயிற்று. விளக்குகிறேன் என்று மறுபடியும் இங்கிலீஷில் இறங்கினார்.

நான் அவரிடம் மூடியைக் கேட்டு வாங்கினேன். ஜன்னல் வழியாகக் கலியபெருமாள் கையில் வைத்தேன். "இதுக்குப் பேருதாண்ணே டெர்மினேட்டரு. வயரு முடியற இடத்துல மாட்டற மூடி. அதத்தான் சார் சுவத்துல எழுதியிருக்காரு" என்றேன். அவர் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். முகம் தெளிந்தது. "இம்புட்டுத்தானா?" என்றார். மூடி ஜன்னல் வழியாக வெளியே வந்து கை மாறி மாறிப் போய் அவரிடமே திரும்பியது. அதைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். தங்கராசு முகம் தொங்கிவிட்டது. ஒரு மூடிக்காக ஆலையை நிறுத்திய செயலாளர் என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போது கலியபெருமாள் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"சார், வார்த்தைக்கு அர்த்தம் வெளங்கிருச்சு. இந்த வயரு வந்து சேந்தப்புறம் கார்டை யாருங்க எண்ணுவாங்க?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் முந்திக்கொண்டார். அவ்வளவு நேரம் கேலிக்கு ஆளானவருக்கு இப்போதுதான் பெருமையடிக்க ஓர் இடம் கிடைத்தது. "கம்ப்யூட்டரே எண்ணிரும். நீங்க இனிமே கஷ்டப்படவே வேணாம்!" என்றார்.

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை. மேனேஜருக்குத் தெரிந்தது. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மேனேஜர் சொன்னால், ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று அர்த்தம். கலியபெருமாளுக்கும் அது தெரியும். காலையில் தப்பாகப் படித்துப் பயந்தார். இப்போது பயப்படச் சரியான காரணமே கிடைத்துவிட்டது. ஆனால் சிரித்த கூட்டம் உள்ளே போய்விட்டது, லாரிகள் நகர ஆரம்பித்துவிட்டன.

அடுத்த நாட்களில் நான் கேபிளை அறை அறையாகக் கொண்டுபோனேன். மேனேஜர் தன் அறையில் புதுப் பெயிண்ட் அடித்திருப்பதால் வயர் தெரியக் கூடாது என்றார். கணக்குப் பிரிவில் சாமி படத்துக்குக் கீழே போகக் கூடாது என்றார்கள். இவற்றையெல்லாம் சுற்றி வளைத்து டைம் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். ஆபீசர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மூடி எங்கே என்றும் கேட்கவில்லை. என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நினைத்ததைக் கேட்டுச் சரிபார்ப்பது அவர் பழக்கம் இல்லை.

மூடி கலியபெருமாளிடம் இருந்தது. அன்றைக்கு அவர் திருப்பித் தரவில்லை. நான் முனையைச் சுவரில் இறக்கியபோது அவர் கேட்டார்.

"ஏன் தம்பி, இது மாட்டாட்டி நெசமாவே ஒண்ணும் ஓடாதா?"

"ஓடாதுண்ணே."

"மேனேஜர் ரூம்லயும்?"

"அங்கயுந்தாண்ணே."

சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டார். "அப்ப இது எங்கிட்டயே இருக்கட்டும். எங்கப்பா நிலத்தக் குடுத்தப்ப அவரு கையில பிடிமானம்னு ஒண்ணுமில்ல. வாய்வார்த்தைய நம்பிக் குடுத்துட்டாரு" என்றார்.

நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆலைச் சாமான், பொறுப்பு என்னுடையது, மேலிடத்தில் கேட்டால் என் வேலைக்கும் ஆபத்து. பஸ்ஸில் பெரம்பலூர் போய்ச் சேரும் வரைக்கும் அதையேதான் யோசித்தேன். சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காத ஒரு மனிதரின் கையில் அந்தக் கட்டடத்திலேயே பதில் வாங்கக்கூடிய பொருள் ஒன்று அகப்பட்டிருக்கிறது. அதைப் பிடுங்கிக் கொடுப்பது என் வேலை இல்லை என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

தலைமை ஆபீசிலிருந்து ஒரு டைரக்டர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் ஆபீசரிடம், ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டாமா சார் என்று கேட்டேன். "தியரி கரெக்டா இருந்தா பிராக்டிகல் தானா வரும்" என்றார். கம்ப்யூட்டருக்கு ரோஜா மாலை போடுவதில்தான் அவருக்குக் கவனம்.

டைம் ஆபீசில் வைத்திருந்த கம்ப்யூட்டரின் வருகைக் கணக்கு மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும், அதுதான் வேடிக்கை. டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆபீசர் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். மாலையைக் கழற்றிவிட்டுத் தட்டினார். மேனேஜர் சிரித்துச் சிரித்துப் பார்த்தார், அந்தச் சிரிப்பும் தீர்ந்துபோயிற்று. ஆபீசர் தன் ரூமுக்கு ஓடி அங்கிருந்த மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "அந்த எண்டு... அந்த எண்ட்ல ஏதோ..." என்றார். "வாங்க, நேர்லயே பாத்துருவோம்" என்று டைரக்டர் எழுந்துவிட்டார். அவர் ஆர்வமான மனிதர். மற்ற இருவருக்கும் அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

ஷிப்டு மாறுகிற நேரம். கார்டு ஜன்னலில் நீளமாக வரிசை நின்றது, வரிசையில் தங்கராசுவும் நின்றார். டைரக்டர், மேனேஜர், ஆபீசர் மூவரும் டைம் ஆபீசுக்குள் நுழைந்தார்கள். பின்னால் நான். சுவரில் வயரின் முனை மொட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுல இருந்த மூடி எங்கய்யா?" என்று ஆபீசர் அலறினார்.

"பத்திரமா இருக்குங்க சார்" என்றார் கலியபெருமாள். பொத்தானை அவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த மூடியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதன் மேலேயே கையையும் வைத்துக்கொண்டார்.

டைரக்டர் மூடியைப் பார்த்தார், கலியபெருமாளைப் பார்த்தார். "இவர் யாரு?" என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. கார்டு எண்ணுகிற கிளார்க் என்று சொன்னால், மொத்தக் கட்டடத்தையும் நிறுத்தக்கூடிய சாமான் அவர் பைக்குள் எப்படிப் போனது என்று அடுத்த கேள்வி வரும். அது வந்தால் சாக்பீஸிலிருந்து எல்லாமே வெளியே வரும். அவர் நன்றாகவே யோசித்தார், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

"இவருதான் சார் நம்ம டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்தப் பார்ட்டு இவரு பொறுப்புலதான் இருக்கும்."

"வெரி குட். ட்ரெயினிங் எல்லாம் கொடுத்தாச்சா?"

மேனேஜர் ஆபீசரைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து சார். நம்ம கம்ப்யூட்டர் ஆபீசரே நேர்ல சொல்லித் தராரு" என்றார் மேனேஜர்.

கலியபெருமாள் கையை எடுக்கவில்லை. தங்கராசு வெளியிலிருந்து ஜன்னல் கம்பிக்குள்ளே முகத்தை நுழைத்தார். இந்தத் தடவை கத்தவில்லை, ரொம்பப் பணிவாகவே கேட்டார்.

"சார், பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலியாம். இன்னொரு தடவ கொஞ்சம் சத்தமா சொல்லிருங்க."

மேனேஜர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் சிரித்தபடி தலையாட்டினார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி, கலியபெருமாள்தான் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று சத்தமாகச் சொன்னார். வரிசையின் கடைசியிலிருந்து, "கேட்டுச்சுங்க சார்" என்று குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் கலியபெருமாள் எழுந்து மூடியை மாட்டினார்.